தவழும் பிள்ளைக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம்?

"மிஸ், வோக்கரிலை விட்டால் வீடு முழுக்க ஓடித் திரியிறான். இறக்கி நிலத்திலை விட்டால் ஒரு அடி கூட அரக்கிறானில்லை. இருந்த இடத்திலையே இருந்து அழுறான். காலிலை ஏதும் பிழையோ?"

பத்து மாதப் பேரனை இடுப்பில் வைத்தபடி ஓர் அம்மம்மா கேட்டது இது. யாழ்ப்பாணத்தில் சிறுபிள்ளைகளைப் பார்க்கும் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன். வோக்கர் என்பது பிள்ளையை நடுவில் இருத்திச் சில்லில் ஓடவிடும் வண்டி. இதே கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். (குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பிள்ளையை வாங்கிப் பாயில் விட்டுப் பார்த்தேன். காலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இடுப்பைப் பிடித்து நிறுத்தியபோது இரண்டு குதிக்கால்களும் நிலத்தில் படவில்லை, விரல் நுனியில் நின்றான். திரும்ப இருத்திவிட்டு, ஒரு முழத் தூரத்தில் ஒரு கிலுக்கை வைத்தேன். கையை நீட்டினான். எட்டவில்லை. உடனே திரும்பி அம்மம்மாவைப் பார்த்தான். உடம்பை முன்னுக்குச் சாய்த்து மற்றக் கையை நிலத்தில் ஊன்றினால் கிலுக்கு கைக்கு வந்துவிடும். அந்த ஊன்றல்தான் அவனுக்குப் பழக்கமில்லை. காலையில் ஒன்றரை மணித்தியாலம், பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் என்று வோக்கருக்குள் இருந்த பிள்ளைக்கு அதைப் பழக நேரம் எங்கே கிடைத்திருக்கும்?

அந்த வோக்கரை வாங்கிக் கொடுத்தவர், நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்திருந்த சித்தி. அவரும் கூட வந்திருந்தார். "அங்கை கடையளிலை இதைக் கண்டிருக்கிறீங்களோ?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை மிஸ், இப்ப நீங்கள் கேக்கத்தான் நினைவு வருது, ஒரு இடமும் காணேல்லை" என்றார். காண முடியாது. 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் இருந்து கனடாவில் வோக்கர் விற்பதற்கும் இறக்குமதி செய்வதற்கும் தடை. பாவித்ததை விற்பதற்கும் தடைதான். அங்கே விற்க முடியாத சாமானை இங்கே ஆசையோடு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

வோக்கர் ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கு முதலில் விபத்தைத்தான் சொல்வேன். அதில் இருக்கும் பிள்ளை ஒரு விநாடிக்குள் மூன்று அடிக்கு மேல் போய்விடும். நீங்கள் குசினியில் இருந்து எட்டி எடுத்து வைக்கும் ஒரு காலடிக்குள் அது விறாந்தைப் படியில் நிற்கும். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வோக்கரால் காயப்பட்டு அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட 15 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகள் 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோதான் காயம், பெரும்பாலும் படியில் உருண்டதால். எங்கள் வீடுகளில் மாடிப்படி குறைவு என்று சொல்வார்கள். விறாந்தைக்கும் முற்றத்துக்கும் இடையில் இரண்டு சீமெந்துப் படி இருந்தால் போதும். அதைவிட, வோக்கரில் இருக்கும் பிள்ளைக்குக் கை எட்டும் உயரமும் கூடிவிடும். மேசை விரிப்பின் ஓரமும் அதன் மேலிருக்கும் தேத்தண்ணிக் கோப்பையும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

நடை சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. வோக்கரில் பிள்ளையின் பாரத்தைத் தாங்குவது துணி இருக்கை. கால் விரலால் உந்தினால் போதும், வண்டி ஓடும். சமநிலை பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. தட்டு மறைப்பதால் தன் கால் எங்கே படுகிறது என்பதைக்கூடப் பிள்ளை காணாது.

அம்மம்மா சொன்ன நியாயமும் எனக்கு விளங்கியது. மகள் வேலைக்குப் போகிறாள், மருமகன் வெளிநாட்டில். அடுப்பில் சோறு கொதிக்கும்போது பிள்ளையை எங்கே விடுவது? நிலத்தில் எறும்பு, மார்கழியில் குளிர். இவை உண்மையான கஷ்டங்கள். குசினியில் இருந்து பார்வை படும் ஒரு மூலையில் பாயை விரித்து, வாங்கையும் (பெஞ்ச்) தலையணைகளையும் வைத்து மறித்துவிடச் சொன்னேன். மெத்தை வேண்டாம், அதில் கை புதையும். பாய் வழுக்கினால் விளிம்பை வாங்கின் காலுக்குக் கீழே செருகிவிடலாம். நீளக் காற்சட்டையும் காலுறையும் போட்டுவிட்டால் மினுங்கும் சீமெந்து நிலத்தில் முழங்கால் வழுக்கிக்கொண்டே போகும். வெறும் முழங்கால், வெறும் பாதம். அதுதான் பிடிக்கும்.

அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டியதில்லை என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட அளவு இது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2 மாதத்தில் இருந்து 13.5 மாதத்துக்குள் வரலாம். பிடித்துக்கொண்டு நிற்பது 4.8 முதல் 11.4. தனியே நடப்பது 8.2 முதல் 17.6. நூற்றுக்கு நாலு பிள்ளைகள் அளவில் அப்படித் தவழாமலே நடைக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்பார்கள். இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி, உடம்பை ஆட்டும் பருவம். அந்த ஆட்டம் தவழ்வதற்கான ஒத்திகை. அதற்கும் நிலம்தான் வேண்டும்.

சரி, அப்படியென்றால் என்ன வாங்குவது?

தவழத் தொடங்கும் பிள்ளைக்குச் சாமானைவிட அதை வைக்கும் தூரம் முக்கியம். முதல் பல்லு முளைத்ததைக் கொண்டாடும் பல்லுக்கொழுக்கட்டை அன்று நாங்கள் என்ன செய்கிறோம்? தட்டத்தில் புத்தகம், பேனை, நகை எல்லாம் பரப்பி, பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி இருத்தி, எதை எடுக்கிறது என்று வீடே கூடி நின்று பார்க்கிறோம். அன்று ஒருவரும் எடுத்துக் கையில் கொடுப்பதில்லை. மற்ற நாட்களிலும் அப்படியே இருந்தால் போதும். கை நீட்டினால் அரை அடி போதாமல் இருக்கும் தூரத்தில் வையுங்கள். அழத் தொடங்கினால் ஒரு விரல் அளவு கிட்டக் கொண்டுவாருங்கள். முழுக்கக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் முயற்சி அதோடு முடிந்துவிடும்.

மெதுவாக உருண்டு, சீக்கிரம் நின்றுவிடும் சாமான் இந்த வயதுக்கு நல்லது. துணிப் பந்து அப்படிப்பட்டது. இறப்பர்ப் பந்து விறாந்தை முழுக்க ஓடிவிடும், பிள்ளை இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். அரிசி அளக்கும் சில்வர் சுண்டு அருமையான சாமான். உருளும், சத்தம் போடும், பிள்ளையின் முகம் அதில் தெரியும். விளிம்பு மட்டும் மழுக்கமாக இருக்க வேண்டும். பனையோலைப் பெட்டி ஒன்றும் அதற்குள் போட்டு எடுக்க இரண்டு பெரிய சாமானும் இருந்தால், என் அறையில் அரை மணித்தியாலம் ஓடிவிடும். பற்றரி போட்டால் தானாக ஊர்ந்து பாட்டுப் பாடும் பொம்மைகளை நான் பெரிதாகச் சிபாரிசு செய்வதில்லை. அது ஓடும், பிள்ளை இருந்து பார்க்கும். வாங்குவதென்றால் உங்கள் காதுக்குக் கிட்டப் பிடித்துக் கேளுங்கள். உங்களுக்கே இரைச்சலாக இருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

எழும்பி நிற்கப் பார்க்கும் வயதில்தான் காசு கொடுத்து வாங்கும் சாமானில் கவனம் வேண்டும். நாலு கால், மேலே பொத்தான்களும் உருளும் மணிகளும் உள்ள அக்டிவிட்டி மேசைகள் இப்போது யாழ்ப்பாணக் கடைகளிலும் கிடைக்கின்றன, வெளிநாட்டுப் பொதியிலும் வருகின்றன. கடையில் அதை நிலத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஓர் ஓரத்தில் உள்ளங்கையை ஊன்றி அழுத்துங்கள். எதிர்ப்பக்கக் கால் கிளம்பினால் வேண்டாம். ஒன்பது மாதப் பிள்ளை எட்டு ஒன்பது கிலோ இருக்கும், எழும்பும்போது அந்தப் பாரத்தில் பெரும்பங்கை அந்த ஓரத்தில்தான் போடும். அடுத்தது உயரம். முழங்காலில் நிற்கும்போது மேசைப் பலகை பிள்ளையின் நெஞ்சளவில் வர வேண்டும், எழுந்து நின்றால் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில். அதைவிட உயர்ந்தால் பிள்ளை தொங்கும், குதிக்கால் கிளம்பிவிடும். கால்களைக் கழற்றி நிலத்திலும் வைக்கக்கூடிய மேசை என்றால் ஆறாம் மாதத்தில் இருந்தே பயன்படும்.

காசு இல்லையே என்று மனம் வருந்தும் பெற்றோரிடம் நான் மனமாரச் சொல்வது ஒன்று உண்டு. பழைய மர வாங்கு அந்த மேசையைவிடப் பாரம், சரியாது, நீளமானது. இந்த முனையில் ஒரு சாமானும் அந்த முனையில் ஒரு சாமானும் வைத்துவிட்டால், பிள்ளை வாங்கைப் பிடித்தபடி பக்கவாட்டில் காலெடுத்து வைத்துப் போகும். நடைக்கு முந்திய நடை அதுதான். பிளாஸ்டிக் கதிரையை மட்டும் அருகில் விடாதீர்கள். பிடித்து இழுத்த உடனே கவிழும். அலுமாரி ஆடினால் சுவரோடு சேர்த்துப் பூட்டிவிடுங்கள்.

பிள்ளை எழும்புவதைக் கிட்ட இருந்து பாருங்கள். இரண்டு கையையும் விளிம்பில் வைக்கும். இரண்டு முழங்காலும் நிலத்தில் இருக்கும். அப்புறம் ஒரு காலை முன்னுக்கு எடுத்துப் பாதத்தை ஊன்றும். அந்தப் பாதத்தில் பாரம் ஏறும்போது விரல்கள் நிலத்தைக் கவ்விப் பிடிக்கும். இடுப்பு ஒருமுறை நடுங்கும். பிறகுதான் எழும்பும். அந்த நடுக்கத்தைக் கண்டு ஓடிப்போய்த் தூக்கிவிடாதீர்கள். இடுப்புத் தசை பலப்படுவது அந்த நேரத்தில்தான்.

எழும்பத் தெரிந்த பிள்ளைக்கு இருக்கத் தெரியாது. பலர் இதைக் கவனிப்பதில்லை. இரவில் தொட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டு அழும், இருத்திவிட்டால் திரும்பவும் எழுந்து நின்று அழும். பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், கீழே வரும் வழி தெரியாத அழுகை அது. பகலில் பிள்ளை வாங்கைப் பிடித்து நிற்கும்போது, விருப்பமான சாமானை முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் காட்டுங்கள். எடுக்கப் பழகிய பிறகு நிலத்தில் வையுங்கள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு முழங்காலை மடிக்கப் பழகிவிடும்.

எங்கள் பழைய நடைவண்டில் பற்றியும் கேட்பார்கள். மூன்று சில்லு, ஒரு கைபிடி, பின்னால் நின்று தள்ளுவது. வோக்கரைப் போல இது பிள்ளையைச் சுமப்பதில்லை, தன் பாரத்தைப் பிள்ளை தானே தாங்க வேண்டும். அதனால் எனக்கு இது பிடிக்கும். ஆனால் நேரம் முக்கியம். வாங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் தாராளமாக நடக்கிற பிள்ளைக்குத்தான் இது. அதற்கு முன் கொடுத்தால் வண்டில் முன்னுக்கு ஓடும், பிள்ளை முகம் குப்புற விழும். அந்தக் காலத்தில் மண் முற்றத்தில் சில்லு புதைந்து மெதுவாகப் போனது. இன்றைய மாபிள் நிலத்தில் அப்படி இல்லை. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சில்லுகளைச் சுற்றி இறுக்கமாகப் போட்டுவிடுங்கள், வேகம் குறையும். பெட்டி வைத்த தள்ளுவண்டில் என்றால் உள்ளே ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றி வையுங்கள். படி, கிணற்றுக்கட்டு உள்ள பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

இந்த வயதில் கைக்கு வருவதெல்லாம் வாய்க்குப் போகும். பத்து சென்ரிமீற்றர் நீள அட்டைத் துண்டு ஒன்றை, இரண்டு ஓரமும் தொடும்படி சுருட்டி ஒட்டுங்கள். உள்வாய் 3.2 சென்ரிமீற்றர் அளவில் வரும். விளையாட்டுச் சாமான்களைச் சோதிக்கும் குழாயும் ஏறத்தாழ இதே அகலம்தான். அதற்குள் முழுதாகப் போகும் எதுவும், கழன்று வரக்கூடிய துண்டு உட்பட, மூன்று வயது வரை பிள்ளையின் கையில் இருக்கக்கூடாது. திருவிழாக் கடை ஓலைக் கிலுக்குகளை நான் விரும்பித்தான் வாங்குவேன். ஆனால் ஓலை பிய்ந்தால் உள்ளே இருக்கும் கல்லோ விதையோ வெளியே வரும். வீட்டில் செய்யும்போது குன்றிமணியைப் போடவே போடாதீர்கள், அது நஞ்சு. ஒரு சாணுக்கு மேல் நீளமான கயிறும் வேண்டாம். நிறம் கையில் ஒட்டினால், பூச்சு உரிந்தால், அந்தச் சாமானை எறிந்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பயம் பட்டன் பற்றரி. விழுங்கித் தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் கடுமையாகச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். பற்றரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத சாமானை வாங்காதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், அழுகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சாமானை மாற்றினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஒன்பதரை மாதமாகியும் தனியே இருக்க முடியாத பிள்ளை, ஒரு வயதில் பிடித்தும் நிற்காத பிள்ளை, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பாவிக்கும் பிள்ளை, பதினெட்டு மாதத்தில் தனியே நடக்காத பிள்ளை, முன்பு செய்ததை இப்போது செய்யாத பிள்ளை. இவர்களைச் சுகாதாரப் பதிவேட்டோடு கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளில் இருந்து கணக்கெடுங்கள்.

அந்தப் பேரன் ஆறு கிழமைக்குப் பிறகு வந்தான். வோக்கரின் சில்லுகளைக் கழற்றிவிட்டார்களாம். என் அறை வாங்கைப் பிடித்து எழும்பி நின்றான், குதிக்கால் இரண்டும் நிலத்தில். அம்மம்மா பையில் இருந்து வீட்டுச் சுண்டை எடுத்து அவன் காலடியில் வைத்தார். குனிந்து பார்த்தான். ஒரு கையை விட்டான். முழங்கால் மெதுவாக மடிந்தது, பாதியில் நின்றது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். தொப்பென்று இருந்தான். சுண்டைக் கையில் எடுத்து ஒருமுறை நிலத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, அதை உருட்டியபடி என் மேசைக்குக் கீழே தவழ்ந்து போய்விட்டான்.