ரெப்ரசென்டேஷன்: பிரதிநிதித்துவமா, சித்திரிப்பா?

ரெப்ரசென்டேஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன் ‘ரெப்ரசென்டாரே’. கண்முன் கொண்டுவந்து நிறுத்துதல் என்று பொருள். பிற்பாடு அது இரண்டாகக் கிளைத்தது: ஒருவருக்காக இன்னொருவர் நிற்பது, ஒருவரைப் பாத்திரமாக வரைந்து காட்டுவது. முதல் பொருளுக்குத் தமிழில் பிரதிநிதித்துவம் என்ற வடசொல் நிலைத்துவிட்டது. தனித்தமிழில் சார்பாண்மை என்பார்கள். இரண்டாவது பொருளுக்குரிய சொல் சித்திரிப்பு. சித்திரத்திலிருந்து வந்தது, சித்தரிப்பு என்ற வடிவமும் வழக்கில் உண்டு.

காமமும் திகிலும் கலந்த காத்திக் படங்களை (பேயும் இரத்தக்காட்டேரியும் உலவும் இருண்ட கதைகளை) பற்றி எழுதுகிறவர்கள் எல்லா இடத்திலும் பிரதிநிதித்துவம் என்றே போட்டுவிடுகிறார்கள். இந்த வகைமைக்கு அது பொருந்தாது. விளிம்பில் இருப்பவர்கள் இங்கே ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள், ஆனால் பேயாக. 1871-72இல் தொடராக வந்த ஷெரிடன் லெ ஃபனுவின் ‘கார்மில்லா’ என்ற கதையிலேயே பெண்ணை நாடும் பெண் இரத்தக்காட்டேரிதான், முடிவில் அவள் தலை துண்டிக்கப்படுகிறது. 1970இல் ஹாமர் என்ற பிரிட்டிஷ் திகில்பட நிறுவனம் அதை ‘தி வாம்பயர் லவ்வர்ஸ்’ என்று படமாக்கியபோதும் அதே முடிவு. ஆசையை அருகில் போய்க் காட்டிய கேமரா, கடைசியில் தண்டிப்பவர்களின் பக்கம் போய் நின்றுகொள்கிறது. (இப்படி ஆசையும் அச்சமும் ஒன்றாகத் தரும் பாத்திரத்துக்கு ‘அணங்கு’ என்ற பழஞ்சொல் காட்டேரியைவிட நன்றாகப் பொருந்தும். தொல்காப்பியம் அச்சத்தின் காரணங்களில் முதலாவதாகச் சொல்வது அதைத்தான். குறளின் காமத்துப்பால் தொடங்குவதும் அந்தச் சொல்லில்தான்.)

இந்த விவாதத்தில் கூடவே வரும் இன்னொரு சொல் டைவர்சிட்டி. அதற்குப் பன்முகத்தன்மை என்பது பரவலான வழக்கு. எத்தனை வகை மனிதர்கள் திரையில் இருக்கிறார்கள் என்ற கணக்குக்குப் பல்வகைமை இன்னும் துல்லியமானது.

கணக்கு வேறு, சித்திரிப்பு வேறு என்பதற்கு 1972இல் வந்த ‘பிளாக்குலா’ நல்ல சான்று. வில்லியம் மார்ஷல் நடித்த மாமுவால்டே ஓர் ஆப்பிரிக்க இளவரசன். அடிமை வணிகத்தை நிறுத்த உதவி கேட்டு டிராகுலாவிடம் போய், இரத்தக்காட்டேரியாக்கப்பட்டுச் சவப்பெட்டியில் அடைபடுகிறவன். அவனுக்குப் பெயர், மனைவி, இழப்பு எல்லாம் உண்டு. அதே படத்தில் அவன் சவப்பெட்டியை விலைக்கு வாங்கும் தன்பாலின இணையர் இருவரும் கேலிக்குரியவர்களாக வந்து முதலிலேயே இறந்துபோகிறார்கள். பல்வகைமைக் கணக்கில் இரண்டு தரப்புக்கும் இடம் கிடைத்துவிட்டது. சித்திரிப்பு ஒருவருக்குத்தான் வாய்த்தது.

ஆகவே விமர்சனம் எழுதும்போது யார் இருக்கிறார் என்பதோடு நிறுத்தக் கூடாது. காட்சி யார் கண் வழியாக வருகிறது, பாத்திரத்துக்கு இரத்தத்தைத் தவிர வேறு தேவை உண்டா, சாவு அவருக்குத் தண்டனையாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். உடலைக் காட்டும் காட்சிகளில் முகம் எத்தனை நேரம் சட்டகத்துக்குள் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பல படங்கள் அங்கேதான் சறுக்குகின்றன.

ஒரு படத்தின் எந்தப் பதிப்பைப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். பில் கன் இயக்கிய ‘கஞ்சா அண்ட் ஹெஸ்’ (1973) சுமார் 110 நிமிடப் படம். கறுப்பின இணையரின் ஆசையையும் நம்பிக்கையையும் நிதானமாகக் காட்டுவது. தயாரிப்புத் தரப்பு எதிர்பார்த்ததோ ‘பிளாக்குலா’ போன்ற வசூல் படம். அதனால் படத்தை வெட்டி, சுமார் 78 நிமிடமாக்கி, ‘பிளட் கப்பிள்’ என்று பெயர் மாற்றி வெளியிட்டார்கள். நடிகர்கள் அவர்களேதான், பல்வகைமைக் கணக்கும் மாறவில்லை. வெட்டுப்பட்டது சித்திரிப்பு. அந்தக் குறும்பதிப்பை மட்டும் பார்த்துவிட்டு கன்னின் பாத்திரங்களைப் பற்றித் தீர்ப்பு எழுதினால் அது தவறாகவே முடியும்.