சின்னப் பிள்ளைகளின் சாக்கர்: எந்த வயதில் எத்தனை பேர், என்ன விதி?

சனிக்கிழமை காலை, யு-10, அதாவது பத்து வயதுக்குட்பட்டோர் ஆட்டம். எதிரணி கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்தான். உடனே நம் அணிப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பின்னால் ஓடினார்கள். என் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா எழுந்து, "டேய், ஏன்டா ஓடுற? போய் மறிடா!" என்று கத்தினார். பையன் பாதியில் நின்றான், அப்பாவைப் பார்த்தான், பந்தை நோக்கிப் போனான். ரெஃப்ரி விசில் ஊதி, பின்னால் போகச் சொன்னார். பையனின் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், முதலில் அவன் சரியாகத்தான் ஓடினான்.

நானும் என் முதல் வருஷத்தில் இப்படிக் கத்தியவன்தான். டிவியில் பார்க்கிற ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றால் அப்படித்தான் வரும். அமெரிக்காவில் 12 வயது வரை பிள்ளைகள் ஆடுகிற சாக்கருக்குத் தனி விதிகள் இருக்கின்றன. பெரியவர்கள் ஆட்டத்தைச் சுருக்கி உண்டாக்கியதல்ல அவை. அந்த வயதுக்காகவே யோசித்து எழுதியவை. யு.எஸ். சாக்கர், அதாவது நாட்டின் கால்பந்து சம்மேளனம், 2015-ல் இவற்றை அறிவித்து, 2017 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது.

அடிப்படை இதுதான். யு-6 முதல் யு-8 வரை நாலுக்கு நாலு. யு-9, யு-10 ஏழுக்கு ஏழு. யு-11, யு-12 ஒன்பதுக்கு ஒன்பது. யு-13 ஆன பிறகுதான் பதினொருவர் ஆட்டம். ஏழிலும் ஒன்பதிலும் கோல்கீப்பரையும் சேர்த்தே கணக்கு. நாலு பேர் ஆட்டத்தில் கோல்கீப்பரே கிடையாது.

ஆள் குறைய மைதானமும் குறையும். நாலு பேர் ஆட்டத்துக்கு நீளம் 25 முதல் 35 கெஜம், அகலம் 15 முதல் 25. ஏழு பேருக்கு 55–65 நீளம், 35–45 அகலம். ஒன்பது பேருக்கு 70–80 நீளம், 45–55 அகலம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுத்தர அளவாக எடுத்தால், நாலு பேர் ஆட்டத்தில் ஒரு பிள்ளைக்குச் சுமார் 75 சதுர கெஜம் இடம் வருகிறது. ஏழு பேர் ஆட்டத்தில் 170, ஒன்பதில் 208. 110க்கு 70 கெஜம் உள்ள பெரிய மைதானத்தில் 22 பேர் ஆடினால் ஆளுக்கு 350. ஆறு வயதுக் குழந்தையை அதில் இறக்கிவிட்டால் பாதி நேரம் ஓடியே களைத்துவிடும், மீதி நேரம் பந்து எங்கே என்று தேடும். எட்டுப் பேர் மட்டும் சின்ன இடத்தில் ஆடும்போது, கூச்சப்படுகிற பிள்ளையின் காலுக்கும் பந்து வந்தே தீரும்.

கோல் கம்பமும் அப்படித்தான். பெரியவர்களின் கோல் 8 அடி உயரம், 24 அடி அகலம். அதன் நடுவில் பத்து வயதுப் பையனை நிறுத்தினால், தலைக்கு மேல் தூக்கி அடிக்கிற பந்தெல்லாம் கோல்தான். அவனால் எதுவும் செய்ய முடியாது. அதனால் ஏழு பேர் ஆட்டத்தில் கோல் ஆறரை அடி உயரம், பதினெட்டரை அடி அகலத்தைத் தாண்டக் கூடாது. நாலு பேர் ஆட்டத்தில் 4 அடிக்கு 6 அடி, அவ்வளவுதான். பந்து யு-8 வரை 3-ம் எண், யு-12 வரை 4-ம் எண், அதற்கு மேல் 5-ம் எண். கடையில் வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். "வளர்கிற பிள்ளைதானே" என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவதெல்லாம் சட்டைக்குச் சரி, பந்துக்குச் சரிவராது.

நாலு பேர் ஆட்டத்தில் ஆஃப்சைடு (பந்து தன்னிடம் வரும் முன்பே எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் போய் நிற்கும் தவறு) இல்லை, பெனால்ட்டி கிக் இல்லை. பந்து பக்கவாட்டில் வெளியே போனால் கையால் எறியத் தேவையில்லை, காலால் உதைத்தோ உருட்டிக்கொண்டோ உள்ளே கொண்டுவரலாம். கோல் வாசலில் ஒரு பிள்ளையைக் காவலுக்கு நிறுத்துவது சில பெற்றோருக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தோன்றும். அங்கே நிற்கிற பிள்ளை ஆட்டம் முடியும்வரை பந்தைத் தொட்டிருக்காது. கோல்கீப்பர் வேண்டாம் என்று வைத்ததே அதற்காகத்தான்.

பிள்ளைகள் பின்னால் ஓடுவது ஏன்?

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். ஏழு பேர் ஆட்டத்துக்கு மட்டும் மைதானத்தில் கூடுதலாக இரண்டு கோடுகள் உண்டு. பில்ட்-அவுட் லைன் என்பார்கள். கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் பெனால்ட்டி பெட்டியின் மேல் கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் சரிபாதியில், மைதானத்தின் குறுக்கே ஒவ்வொரு பக்கமும் ஒரு கோடு. சில இடங்களில் கோடு போடாமல் ஓரத்தில் ஆரஞ்சு கூம்புகளை மட்டும் வைத்திருப்பார்கள்.

கோல்கீப்பர் ஆட்டத்தின் நடுவில் பந்தைக் கையில் பிடித்தாலும் சரி, கோல் கிக் (எதிரணி அடித்த பந்து கோல் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போன பிறகு உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது) எடுக்கப் போனாலும் சரி, எதிரணி முழுவதும் அந்தப் பக்கத்துக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். பந்து மறுபடி ஆட்டத்துக்கு வந்த பிறகுதான் கோட்டைத் தாண்டலாம். கோல்கீப்பர் பந்தை உருட்டலாம், எறியலாம், பாஸ் செய்யலாம். கையிலிருந்து பந்தை விட்டுத் தூக்கி உதைக்க, அதாவது பன்ட் அடிக்க, அனுமதி இல்லை. அடித்தால் எதிரணிக்கு இண்டைரக்ட் ஃப்ரீ கிக். அந்தத் தவறு கோலை ஒட்டியுள்ள சின்னக் கோல் பெட்டிக்குள் நடந்திருந்தால், கிக் எடுக்கும் இடத்தைப் பெட்டியின் முன்கோட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்கலாம். இந்தக் கோடு இல்லாத காலத்தில் நடந்தது என்ன தெரியுமா? கோல்கீப்பர் பன்ட் அடிப்பான், பந்து நடுமைதானத்தில் வந்து விழும், எதிர்ப்பக்கத்தில் காலில் பலமுள்ள ஒருவன் திருப்பி அடிப்பான். பிள்ளைகள் டென்னிஸ் ரசிகர்கள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். இப்போது கோல்கீப்பர் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு உருட்டிவிடுகிறான். அந்தப் பிள்ளை பதற்றமில்லாமல் பந்தை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, யாரிடம் கொடுக்கலாம் என்று பார்க்கிறது. ஒன்பது வயதில் அந்த மூன்று வினாடி பெரிய பாடம்.

ஒரு நுணுக்கம்: எதிரணி பின்னால் போகும்வரை கோல்கீப்பர் காத்திருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அவசரப்பட்டு முன்பே பந்தை விட்டால், பக்கத்தில் இன்னும் நிற்கிற எதிராளி அதைப் பறித்துக் கோல் போடலாம். அது செல்லும். "அவங்க இன்னும் போகவே இல்லையே!" என்று ரெஃப்ரியிடம் முறையிட்டுப் பயனில்லை.

இதே கோட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வழக்கமாக நடுக்கோட்டைத் தாண்டினால் ஆஃப்சைடு பார்ப்பார்கள். ஏழு பேர் ஆட்டத்தில் பில்ட்-அவுட் கோட்டைத் தாண்டினால்தான். நடுக்கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் இடையில் நிற்கிறவருக்கு ஆஃப்சைடு கிடையாது. ஒன்பது பேர் ஆட்டத்துக்குப் போனதும் இந்தக் கோடு மறைந்து, ஆஃப்சைடு வழக்கம்போல நடுக்கோட்டிலிருந்து தொடங்கும்.

தலையால் அடிக்கலாமா?

பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் ஹெட்டர் அடிக்கக் கூடாது. போட்டியிலும் கூடாது, பயிற்சியிலும் கூடாது. 2014-ல் பெற்றோரும் வீரர்களும் தலைக்காயம் தொடர்பாக கலிஃபோர்னியாவில் ஒரு வழக்குத் தொடுத்தார்கள். 2015 நவம்பரில் சமரசம் ஆனபோது வந்த விதி இது. யு-11 வரையிலான அணிகளுக்கு முழுத்தடை. யு-12, யு-13 அணிகளுக்குப் பயிற்சியில் வரம்பு: வாரத்துக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஹெட்டர் பயிற்சி கூடாது, ஒரு பிள்ளை வாரத்துக்கு 15–20 தடவைக்கு மேல் தலையால் அடிக்கக் கூடாது.

பிள்ளை வேண்டுமென்றே தலையால் அடித்தால் எதிரணிக்கு இண்டைரக்ட் ஃப்ரீ கிக். பந்து தானாக வந்து தலையில் பட்டால் குற்றமில்லை. ஆனால் பிள்ளைக்கு அடிபட்டதா என்று கோச் பார்க்க வேண்டும்.

நம்மவர்கள் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பிள்ளை நன்றாக ஆடுகிறது என்று ஒரு படி மேல் அணியில் சேர்ப்போம், பெருமையாகவும் இருக்கும். பத்து வயதுப் பிள்ளை யு-12 அணியில் ஆடினாலும், அந்தப் பிள்ளைக்கு ஹெட்டர் தடைதான். கூட ஆடுகிறவர்கள் அடிக்கிறார்களே என்று தானும் அடிக்கப் பார்க்கும். ரெஃப்ரிக்கு ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதி தெரியாது. கோச்சும் நீங்களும்தான் சொல்லிவைக்க வேண்டும்.

ஆட்ட நேரம் நாலு பேருக்குப் பத்துப் பத்து நிமிடமாக நாலு கால்பகுதி. ஏழு பேருக்கு 25 நிமிடமாக இரண்டு பாதி, ஒன்பது பேருக்கு 30. நேரத்தையும் இன்னும் சில சின்ன விஷயங்களையும் உள்ளூர் லீக் மாற்றிக்கொள்வது உண்டு. ஆகவே பருவம் தொடங்கும்போது லீக் அனுப்புகிற விதித்தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

வயதுக் கணக்கு

2017-ல் இதே விதிகளோடு வயதுப் பிரிவையும் காலண்டர் வருஷத்துக்கு மாற்றினார்கள். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் ஒரே பிரிவு. இதில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பிறந்த பிள்ளைகள் பலர் மாட்டிக்கொண்டார்கள். அணியில் உள்ள மற்றவர்கள் ஒரு வகுப்பு மேலே. இந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அவர்கள் எல்லோரும் உயர்நிலைப் பள்ளி அணிக்குப் போய்விட, இது மட்டும் அணி இல்லாமல் நிற்கும். இந்தக் குறையால் யு.எஸ். யூத் சாக்கர், யு.எஸ். கிளப் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. ஆகிய, பிள்ளைகள் சாக்கரை நடத்துகிற மூன்று அமைப்புகளும் 2026-27 பருவத்திலிருந்து ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்ற பழைய கணக்குக்குத் திரும்புவதாக அறிவித்தன. அதன்படி அந்தப் பருவத்தின் யு-10 என்றால் 2016 ஆகஸ்ட் 1 முதல் 2017 ஜூலை 31 வரை பிறந்தவர்கள். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பிறந்த பிள்ளைக்குப் பிரிவு மாறும். அதனால் பதிவு செய்யும் முன் கிளப்பிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, மைதான வாசலில் நான் அதிகம் பார்க்கிற தகராறு. முழங்காலுக்குக் கீழ் ஷின் கார்டு கட்டாயம், சாக்ஸ் அதை மூடியிருக்க வேண்டும். இதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. தோடுதான் பிரச்சினை. உலகம் முழுக்க உள்ள ஆட்டவிதியே நகை எதுவும் கூடாது என்கிறது. கம்மல், செயின், வளையல், ரப்பர் பட்டை எதுவானாலும் கழற்ற வேண்டும். டேப் ஒட்டி மறைப்பதும் செல்லாது. "சின்னப் பொட்டுக் கம்மல்தானே சார்" என்று கெஞ்சினாலும் ரெஃப்ரி பிள்ளையை வெளியே உட்கார வைப்பார். காது புதிதாகக் குத்தியிருந்தால் துளை ஆறும்வரை கம்மலைக் கழற்ற முடியாது, அதற்குச் சில வாரம் ஆகும். ஆகவே காதுகுத்தை நவம்பரில், இலையுதிர்காலப் பருவம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.