தலையில் முளைத்த கைகள்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் மகனுக்கு அடுத்த மாதம் நாலு வயது முடிகிறது. அப்பாவை வரைடா என்றால் ஒரு வட்டம் போடுகிறான். அதற்குள் கண்ணும் வாயும் வைத்து, வட்டத்திலிருந்தே இரண்டு கால்களை இறக்கிவிடுகிறான். காது இருக்க வேண்டிய இடத்தில் கைகள் முளைக்கின்றன. வயிறே கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்.”

இதற்காக டாக்டரிடம் போக வேண்டாம் அம்மா. மூன்று, நான்கு வயதில் நிறையப் பிள்ளைகள் மனிதனை இப்படித்தான் வரைகிறார்கள். ஆய்வாளர்கள் இந்த உருவத்துக்குத் ‘தலைப்பிரட்டை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குளத்தில் நெளியும் தவளைக்குஞ்சுக்கும் தலையை விட்டால் வால்தானே!

அதற்கு முந்தைய கதை, வீட்டுச் சுவரைப் பறிகொடுத்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றரை வயது வாக்கில் கிறுக்கல் தொடங்குகிறது. முதலில் தோளோடு சேர்ந்து கை மொத்தமும் ஆடும்; மணிக்கட்டும் விரலும் மெதுவாகத்தான் வேலைக்கு வரும். கையை ஆட்டுகிற சுகத்துக்காகத்தான் கிறுக்குகிறார்களோ? ஜேம்ஸ் கிப்சன், பட்ரீஷியா யோனாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1968இல் இதைச் சோதித்தார்கள். பார்க்கப் பென்சில் போலவே இருக்கும், ஆனால் தாளில் தடம் விழாத ஒரு கோலைக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். கிறுக்கல் வெகுவாகக் குறைந்துபோனது. தடம் விழுவதுதான் அவர்களுக்குக் குஷி. அப்புறம் ஒரு நாள், சுற்றிக்கொண்டே இருந்த கோடு தன் வாலைத் தானே தொட்டு வட்டமாகிறது. உள்ளே இரண்டு புள்ளி வைத்தால் முகம். கால் வைத்தால் அப்பா.

இனி வயிற்றுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம்.

குழந்தைக்கு உடம்பைப் பற்றித் தெரியாது, அதனால் வயிற்றை வரையவில்லை என்று தோன்றும். ஆனால் “தொப்பை எங்கே?” என்று கேளுங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டிவிடும். கிளேர் கோலம்ப் என்ற உளவியலாளர் இதைப் பல விதமாகக் கேட்டுப் பார்த்தார். உடல் உறுப்புகளைத் தனித்தனித் துண்டுகளாகக் கொடுத்து அடுக்கச் சொன்னார். இன்னொரு முறை, ‘இப்போது தலை, இப்போது வயிறு’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வரைய வைத்தார். தாளில் தலைப்பிரட்டை போடும் பிள்ளைகளில் பலர், இங்கே வயிற்றை விட்டுவிடவில்லை. ஆக, விஷயம் மண்டையில் இருக்கிறது. தாளுக்கு வரும் வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது.

எங்கே விழுகிறது என்று தேடியவர் நார்மன் ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர். படம் முடிந்த பிறகு பார்க்கிற நமக்கு எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிறது. வரைகிறவருக்கு அப்படி இல்லை. ஒன்று, அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று. தலையில் தொடங்கி காலில் முடிகிற வரிசை. பத்து சாமானை மனதில் வைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனால் முதலில் சொன்ன அரிசியும் கடைசியில் சொன்ன எண்ணெயும் வந்துவிடும், நடுவில் சொன்ன கடுகு மறந்துபோகும். உங்கள் வீட்டுக்காரரின் வயிறு அந்தக் கடுகு.

அப்படியானால் கைகள்? 1975இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஃப்ரீமன் எழுதிய கட்டுரையின் தலைப்பே, ‘குழந்தைகள் தலையிலிருந்து கைகள் வருகிற மாதிரி மனிதர்களை வரைகிறார்களா?’ என்பதுதான். அணுவும் விண்மீனும் உலவுகிற இதழில் இந்தக் கேள்வி! தலையும் உடலும் ஏற்கெனவே போட்ட அரைகுறைப் படங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, மீதியை முடிக்கச் சொன்னார். சிலவற்றில் தலை பெரிது, உடல் சிறிது. சிலவற்றில் அதற்கு நேர்மாறு. உடல் பெரிதாக இருந்தபோது தலைப்பிரட்டைப் பிள்ளைகள் கையை உடலில் வைத்தார்கள். தலை பெரிதாக இருந்தபோது, கீழே உடல் கண் முன்னே இருந்தும், கையைத் தலையில் வைத்தார்கள்.

இதை முதலில் படித்த அன்று நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். கை எங்கிருந்து வரும் என்பதை அந்தப் பிள்ளை உடம்பை நினைத்து முடிவு செய்யவில்லை, தாளைப் பார்த்து முடிவு செய்கிறது! எது பெரிதாகக் கிடக்கிறதோ அதில் ஒட்டு. வயிறு விட்டுப்போன படத்தில் பெரிதாகக் கிடப்பது ஒரே ஒரு வட்டம். கை வேறு எங்கே போகும்?

ஐந்து வயதை ஒட்டி உடல் வந்து சேரும், பிறகு கழுத்து, விரல், பொத்தான். ஆனாலும் கண்ணுக்குத் தெரிவதை வரைய இன்னும் பல வருடம் ஆகும். ஃப்ரீமனும் ஜானிகுன் என்ற ஆய்வாளரும் 1972இல், பிடி பின்பக்கம் மறைந்திருக்கும்படி, பூப்போட்ட ஒரு கோப்பையைப் பிள்ளைகள் முன் வைத்தார்கள். எட்டு வயதுக்குக் கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் தெரியாத பிடியை வரைந்தார்கள். எதிரே தெரிந்த பூவைப் பலர் விட்டுவிட்டார்கள். பிடி இல்லாமல் என்ன கோப்பை? ஒன்பது, பத்து வயதில் கண் ஜெயிக்கிறது. கூடவே “எனக்கு வரையத் தெரியாது” என்ற வாக்கியமும் வருகிறது, பலருக்குப் பென்சில் அத்தோடு நின்றுவிடுகிறது. என் மாடு இன்றும் ஐந்தாம் வகுப்பு மாடுதான்.

ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரில் 13ஆம் நூற்றாண்டில் ஒன்ஃபிம் என்ற பையன் இருந்தான். ஆறேழு வயது இருக்கலாம் என்கிறார்கள். எழுத்துப் பழகக் கொடுத்த மரப்பட்டையில், பாடத்துக்கு நடுவே படம் போட்டிருக்கிறான். 1956இல் மண்ணுக்கடியிலிருந்து அவை கிடைத்தன. அவன் மனிதர்களின் கைகள் புல்வாரி மாதிரி இருக்கின்றன, விரல் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரு மிருகத்தை வரைந்து, “நான் காட்டு விலங்கு” என்று எழுதியும் வைத்திருக்கிறான்.

கொஞ்சம் கோபமும் உண்டு. படத்தைப் பார்த்து குழந்தையின் குணத்தைச் சொல்கிறோம், கைரேகையை வைத்து என்ன படிக்கும் என்று சொல்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிற கூட்டம் பெருகிவிட்டது. கறுப்பு கிரேயான் எடுத்தால் மனதில் துக்கமாம். டப்பாவில் மற்ற கிரேயானெல்லாம் உடைந்துபோயிருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. கிளி ஜோசியக்காரர் இவர்களைவிட நேர்மையானவர், கிளிக்கு நெல்லாவது கிடைக்கிறது. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. அங்கே கிறுக்கப்படும் தாள்களில் தேதியும் வயதும் எழுதிப் பத்து வருடம் சேர்த்து வைக்க ராக்கெட் செலவு ஆகாது. அதற்கு ஒரு சிறு நிதி ஒதுக்கினால் என்ன?

இதை எழுதும் முன் அக்கா மகளிடம் சோதித்துப் பார்த்தேன். மூன்றே முக்கால் வயது. பெரிய தலை, சிறிய உடல் போட்டுக் கொடுத்தேன். கை தலையில் விழுந்தது. பெரிய உடல் போட்டேன், கீழே இறங்கிவிட்டது. அப்புறம் வெறும் தாளைக் கொடுத்து, “மாமாவை வரை” என்றேன். வட்டம், கண், வாய், நீளமாக இரண்டு கால். “தொப்பை எங்கேடி?” என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கால்களுக்கும் நடுவே வெறும் தாளில் அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தாள்.

“தொப்புள்” என்றாள்.