நெடுந்தூர விமானம் எந்த வழியில் போக வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

இருக்கைத் திரையில் விமானம் வளைந்து போவதைப் பார்த்து, நேராகப் போனால் நேரம் மிச்சமாகுமே என்று பலர் கேட்கிறார்கள். அந்த வளைவில் ஒரு பகுதி வரைபடத்தின் கோளாறு. உருண்டையைத் தட்டையாக விரித்தால் மிகக் குறுகிய பாதையும் வளைந்துதான் தெரியும். நியூயார்க்கிலிருந்து ஹாங்காங்குக்கு உண்மையான குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டியே போகிறது. மீதி வளைவை அன்றைய காற்று, எரிபொருள், கீழே உள்ள நாடுகள், அவசரத்துக்கு இறங்க இருக்கும் ஓடுபாதைகள் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நேற்றைய பாதை இன்று செல்லாது.

புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே டிஸ்பாட்ச்சர் (தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிடும் அதிகாரி) அன்றைய காற்று முன்கணிப்பையும், மூடிய ஓடுபாதை, தடைசெய்த வான்வெளி போன்றவற்றைச் சொல்லும் நோட்டாம் அறிவிப்புகளையும் வைத்துப் பல பாதைகளைக் கணித்துப் பார்ப்பார். இதில் தூரத்தைவிடக் காற்றுதான் பெரிது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் 5,500 கி.மீ. பாதையில் மணிக்கு 150 கி.மீ. எதிர்க்காற்றைச் சந்தித்தால் 7 மணி 20 நிமிடம் ஆகும். 300 கி.மீ. சுற்றினாலும் எதிர்க்காற்று மணிக்கு 50 கி.மீ.தான் என்றால் 6 மணி 49 நிமிடத்தில் போய்விடலாம். மணிக்கு 7 டன்னுக்கு மேல் எரிக்கும் பெரிய விமானத்துக்கு இந்த அரை மணி நேரம் 3.5 டன் எரிபொருள். வட அட்லாண்டிக்கில் இதற்காகவே அந்தக் கடலின் கிழக்குப் பாதியைக் கவனிக்கும் ஷான்விக், மேற்குப் பாதியைக் கவனிக்கும் கேண்டர் ஆகிய விமானக் கட்டுப்பாட்டு மையங்கள் தினமும் இரண்டு முறை புதிய தடங்களை அறிவிக்கின்றன. கிழக்கே போகும் தடங்கள் ஜெட் ஸ்ட்ரீமில் (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக் காற்றில்) ஏறிக்கொள்ளும், மேற்கே போகும் தடங்கள் அதை விட்டு விலகும்.

அடுத்தது, கோளாறு வந்தால் எங்கே இறங்குவது என்ற கேள்வி. இரண்டு இன்ஜின் விமானத்துக்கு, விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தொலைவு போகலாம் என்று வரையறுக்கும் ஈடாப்ஸ் (ETOPS) விதி உண்டு. 180 நிமிட அனுமதி என்றால், பாதையின் எந்தப் புள்ளியிலிருந்தும் ஒரே இன்ஜினில் 180 நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட முடிய வேண்டும். அந்த நிலையத்தின் வானிலையும் இறங்கத்தக்கதாக இருக்க வேண்டும். அங்கே பனிமூட்டம் என்ற முன்கணிப்பு வந்தால், பெருங்கடல் நடுவே பாதை வேறு பக்கம் வளையும்.

திபெத் பீடபூமியை விமானங்கள் பெரும்பாலும் தவிர்ப்பதற்குக் காரணம் ஆக்சிஜன். கேபின் அழுத்தம் போனால், முகமூடி இல்லாமல் மூச்சுவிட 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரம். பயணிகளின் முகமூடிக்கு ஆக்சிஜன் தரும் கருவிகள் பல விமானங்களில் 12 முதல் 22 நிமிடம்தான் தாங்கும். துருவப் பாதையில் சிக்கல் குளிர். ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும், ஜெட் ஏ வகை மைனஸ் 40-லேயே. தொட்டி வெப்பநிலை அந்த எல்லையை நெருங்கினால் விமானி உயரத்தைக் குறைப்பார் அல்லது வேகத்தைக் கூட்டுவார்.

வான்வெளி அனுமதி தனிக் கதை. கடந்து போவதற்கே நாடுகள் கட்டணம் வாங்குகின்றன. சில நேரம் அதைக் கணக்கிட்டால் சுற்றிப் போவதே மலிவு. 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும், சுமார் 9 மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரம் வரை நீண்டது. திறந்திருக்கும் வான்வெளி என்பதால் மட்டும் அது பாதுகாப்பானதாகிவிடாது. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு யுக்ரைனில் 32,000 அடிக்கு மேல் பறக்கத் தடை இல்லை. 33,000 அடியில் பறந்த மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச் 17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். போர்ப் பகுதியைச் சுற்றிப் போவதால் ஒரு மணி நேரம் கூடினால், அந்த ஒரு மணி நேரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

பாதை முடிவானதும் எரிபொருள் கணக்கு. பயணத்துக்கு வேண்டியது, எதிர்பாராததற்குப் பொதுவாக அதில் 5 சதவீதம், மாற்று விமான நிலையம் வரை போக ஒரு பங்கு, கடைசியாகத் தொடக்கூடாத 30 நிமிடக் கையிருப்பு. அதிகமாக நிரப்பிக்கொள்ளலாமே என்றால், எடை கூடக் கூட எரிவதும் கூடும். மிக நீண்ட பயணத்தில் கூடுதலாக ஏற்றிய எரிபொருளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதைச் சுமப்பதற்கே போய்விடும். எதிர்க்காற்று கடுமையான நாளில் சரக்கை இறக்கிவிட்டு எரிபொருள் ஏற்றுவதும் இதனால்தான். சில சமயம் பயணிகளின் பெட்டிகளும் அடுத்த விமானத்தில் வரும்.

கேப்டன் ஒப்புக்கொண்டு புறப்பட்ட பிறகும் கணக்கு ஓயாது. எடை குறையக் குறைய 2,000 அடி வீதம் மேலே ஏறுவதாகத் திட்டம் இருக்கும். மேலே வேறு விமானம் இருந்தால் அனுமதி கிடைக்காது, கீழேயே பறந்து கூடுதலாக எரிக்க வேண்டும். அதனால் பாதையில் குறித்த புள்ளிகளைத் தாண்டும்போது தொட்டியில் உள்ளதைத் திட்டத்தோடு ஒப்பிடுவார்கள். பற்றாக்குறை தொடர்ந்தால் வேகத்தைக் குறைப்பார்கள், பாதையை மாற்றக் கேட்பார்கள், அதுவும் போதாவிட்டால் வழியில் இறங்கி நிரப்பிக்கொண்டு போவார்கள்.