அண்ணே, அந்த டபுள் ஸ்டாண்டைக் கழற்றிடுங்க

போன வாரம் ஒரு தம்பி 150 சிசி வண்டியோடு பட்டறைக்கு வந்தார். "அண்ணே, இந்த டபுள் ஸ்டாண்டைக் கழற்றிடுங்க. ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டுது, பள்ளத்துல இறங்கினா கடகடன்னு சத்தம். சைடு ஸ்டாண்டே போதும்" என்றார். திருவாரூர் பக்கம் இருபது வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். மாதம் இரண்டு மூன்று பேராவது இதே பேச்சோடு வருவார்கள்.

நான் ஸ்பேனரை எடுக்காமல் முதலில் குனிந்து பார்த்தேன். ஸ்டாண்டை மேலே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் அந்த வண்டியில் இரட்டை, ஒன்றுக்குள் ஒன்று. உள் ஸ்பிரிங்கைக் காணோம், வெளி ஸ்பிரிங் நீண்டு தளர்ந்திருந்தது. ஸ்டாண்ட் போய் உட்காரும் ரப்பர் எப்போதோ விழுந்துவிட்டதால் இரும்பு நேராக சைலன்சர் குழாயில் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டாண்ட் திரும்பும் இடத்தில் கிரீஸ் வாடையே இல்லை. சத்தத்துக்கு வேறு காரணம் வேண்டுமா? அடி தட்டியதற்குக் காரணம் பின்சக்கர ஷாக் அப்சர்பர். எப்போதும் இரண்டு பேர் போகும் வண்டியில் அதன் ஸ்பிரிங் செட்டிங் ஆகக் கீழ்ப் படியில் கிடந்தது. அதை இரண்டு படி ஏற்றி, ஸ்டாண்ட் ஸ்பிரிங்கும் ரப்பரும் மாற்றி, கிரீஸ் வைத்துக் கொடுத்தேன். அரை மணி நேர வேலைதான்.

கழற்றச் சொல்லி வரும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் கதை. ஸ்டாண்டைக் கழற்றினால் சத்தம் போய்விடும், உண்மைதான். ஆனால் வண்டி எடையில் குறைவது இரண்டு மூன்று கிலோ, அவ்வளவுதான். அதற்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது என்னவென்று தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள்.

முதலில் செயின். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது துடைத்து எண்ணெய் விட வேண்டும், தொய்வு பார்க்க வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, எங்கே அதிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் வைத்துத்தான் தொய்வை அளக்க வேண்டும். டபுள் ஸ்டாண்டில் ஏற்றினால் ஒரே ஆள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். ஸ்டாண்ட் இல்லாத வண்டியை அடி அடியாக உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டும். யார் செய்வார்கள்? செய்ய மாட்டார்கள். தொய்ந்த செயின் ஓட்டத்தில் ஸ்பிராக்கெட் என்ற பல்சக்கரத்தை விட்டுத் தாவி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வந்து சேர்ந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு பையன் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். வீட்டு வாசலில் வண்டியை டபுள் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கியர் போட்டு, சக்கரம் தானாகச் சுற்றும்போது துணியால் செயினைத் துடைத்திருக்கிறான். துணி செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே போனது, கூடவே ஆள்காட்டி விரலும். கண் சிமிட்டும் நேரம்தான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். விரல் நுனி திரும்பக் கிடைக்கவில்லை.

செயினில் கை வைக்கும்போது இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், சாவி உங்கள் சட்டைப் பையில். சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். செயினின் கீழ்ப்பகுதியில், பின் ஸ்பிராக்கெட் ஓரமாகத் துணியைப் பிடியுங்கள். அப்படிச் சுற்றினால் அந்த இடத்தில் செயின் ஸ்பிராக்கெட்டை விட்டு வெளியேதான் வரும், கையை உள்ளே இழுக்காது. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அந்த வேலையை அப்போது தொடவே வேண்டாம்.

அப்புறம் ஆயில். பல வண்டிகளில் ஆயில் குச்சி வலப்பக்கம் இருக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கும்போது ஆயில் அந்தப் பக்கம் ஒதுங்கி, குச்சியில் குறைவாகக் காட்டும். குறைந்துவிட்டது என்று நினைத்து மேலே மேலே ஊற்றி, அளவு மிஞ்சி வந்த வண்டிகள் நிறைய. நிமிர்த்தி நிறுத்திப் பார்த்தால்தான் சரியான அளவு.

பஞ்சரைச் சொல்லவே வேண்டாம். டியூப்லெஸ் டயர் என்றால் சக்கரத்தைக் கழற்றாமல் ஒட்டிவிடலாம். டியூப் போட்ட பின்சக்கரம் ராத்திரியில் வயல் ரோட்டில் பஞ்சரானால், டபுள் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்கு அடியில் கல்லையும் கட்டையையும் கொடுத்துத் தூக்க வேண்டியதுதான். அது சரிந்தால் அடியில் இருப்பவர் கால்தான்.

எங்கள் ஊர் மண்ணையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் சைடு ஸ்டாண்ட் நுனி களிமண்ணில் மெல்ல மெல்ல இறங்கும். கத்திரி வெயிலில் இளகிய தார் ரோட்டிலும் அப்படியே. டீ குடித்துவிட்டு வருவதற்குள் வண்டி படுத்துக் கிடக்கும். டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் நெல் மூட்டையும் பால் கேனும் ஏற்றுகிறவர்களைப் பாருங்கள், டபுள் ஸ்டாண்ட் போடாமல் ஒரு மூட்டை ஏற்ற மாட்டார்கள்.

இன்னொன்று. சைடு ஸ்டாண்டை மடக்க மறந்து கிளம்பி, இடப்பக்கம் திரும்பும்போது அது தரையில் குத்தி விழுந்தவர்கள் எத்தனை பேர்! டபுள் ஸ்டாண்டில் அந்த மறதிக்கே இடமில்லை, இறக்காமல் வண்டி நகராது. புது வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தால் இன்ஜின் நிற்கும் சென்சார் வருகிறது. தொல்லை என்று அந்த ஒயரைச் சேர்த்து முறுக்கித் தரச் சொல்கிறார்கள். நான் செய்வதில்லை. எந்தப் பட்டறையிலும் கேட்காதீர்கள்.

கேடிஎம் டியூக், யமஹா ஆர்15 மாதிரி வண்டிகளில் கம்பெனியிலிருந்தே டபுள் ஸ்டாண்ட் கிடையாது. அவற்றுக்குப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்டான பேடாக் ஸ்டாண்ட் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி, முழங்கால், இடுப்பு முடியாமல் கழற்றியே ஆக வேண்டும் என்றால் சரி. ஆனால் சில வண்டிகளில் பிரேக் மிதியும் அதே ஷாஃப்டில்தான் மாட்டியிருக்கும், நீங்களாக உருவிவிடாதீர்கள். கழற்றிய ஸ்டாண்ட், ஸ்பிரிங், போல்ட்டை ஒரு பையில் போட்டு வையுங்கள்.

ஓட்டத்தில் ஸ்பிரிங் அறுந்து ஸ்டாண்ட் தொங்கினால் அப்படியே இழுத்துக்கொண்டு வராதீர்கள். வேகத்தடையில் மாட்டினால் வண்டியைத் தூக்கி எறியும். ஓரமாக நிறுத்தி, கட்டுக்கம்பியால் மேலே இறுக்கிக் கட்டி மெதுவாக வாருங்கள். கயிறு சைலன்சர் சூட்டில் கருகிவிடும்.

"தூக்க முடியலண்ணே" என்பவர்களுக்கு: கைபலத்தால் தூக்காதீர்கள். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை பின் கைப்பிடியில். வலது காலால் ஸ்டாண்டை அழுத்தி, அதன் இரண்டு பாதமும் தரையில் சமமாகப் பட்டதா என்று பாருங்கள். பட்டதும் உடம்பு எடை முழுவதையும் அந்தக் காலில் இறக்குங்கள். வண்டி தானாகப் பின்னால் ஏறும். அப்படியும் கஷ்டமாக இருந்தால் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு இஞ்சு தடிமன் பலகை போட்டுக்கொள்ளுங்கள். போன வாரம் வந்த தம்பிக்குப் பட்டறையில் கிடந்த பலகைத் துண்டையே கொடுத்து, நான்கு தடவை ஏற்றி இறக்கச் சொன்னேன். மூன்றாவது தடவைக்கே பலகையைக் காலால் தள்ளிவிட்டார்.