மாறாத மாறி

நிரல் எழுதப் பழகும் எவரையும் ஒரு வரி இடறிவிடும்: க = க + 1. கணக்குப் பரீட்சையில் எழுதினால் சுழிதான் கிடைக்கும். நிரலிலோ அது சரி. ஏனென்றால் அங்கே சமக்குறி ஒரு கட்டளை: மாறி (வேரியபிள்) எனப்படும் க என்ற பெட்டியில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டு, பழையதை அழி, புதியதை அங்கேயே வை.

இதுதான் அசைன்மென்ட். லத்தீனில் 'சிக்னும்' என்றால் அடையாளம். இன்னாருக்கு இது எனக் குறியிட்டு ஒதுக்குவது 'அசிக்னாரே'. தமிழில் மதிப்பிருத்தல் என்கிறோம். நல்ல சொல். இருத்துவது என்றால் உட்காரவைப்பது. உட்கார்ந்ததை எழுப்பிவிட்டு வேறொன்றை உட்காரவைக்கலாம் என்பதும் அதிலேயே தொனிக்கிறது. சமக்குறியோடு குழம்பக் கூடாதென்று 1958இல் வந்த ஆல்கால் நிரல்மொழி, முன்னால் முக்காற்புள்ளி சேர்த்து இதற்குத் தனிக் குறியே வைத்துக்கொண்டது.

ஃபங்ஷனல் புரோகிராமிங் எனும் சார்பு நிரலாக்கத்தில், அதாவது மதிப்பை வாங்கி விடை தரும் சார்புகளைக் கொண்டே நிரல் எழுதும் முறையில், கதை வேறு. அவ்வகை மொழியான ஹாஸ்கெல்லில் க = 5 என்றால், க என்பது ஐந்துக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். பெட்டி எதுவும் இல்லை. அதனால் இதை மதிப்பிருத்தல் என்பது பொருந்தாது. பைண்டிங், அதாவது பிணைத்தல் என்பதே சரி. அங்கே க = க + 1 என்று எழுதிவிட்டு க எவ்வளவு என்று கேட்டால், தன்னைவிட ஒன்று கூடுதலான எண்ணைத் தேடி முடிவில்லாமல் சுற்றும். எர்லாங் என்ற இன்னொரு சார்பு மொழியில், ஏற்கெனவே ஐந்தோடு பிணைந்த பெயரை வைத்து இப்படி எழுதினால், ஐந்தும் ஆறும் பொருந்தவில்லை என்று பிழை காட்டும்.

அங்கும் இப்படிப் பிணைத்த பெயரை மாறி என்றே சொல்கிறார்கள். மாறாததற்கு மாறி என்று ஏன் பெயர்? கணிதத்திலிருந்து வந்த பழக்கம். சார்பை ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் வேறு மதிப்பு வரலாம்; ஓர் அழைப்புக்குள் அது மாறாது. ஆகவே மாறிலி என்றும் சொல்லிவிட முடியாது.

அப்புறம், மதிப்பு எப்படித்தான் உள்ளே போகிறது? பள்ளியில் 'க = 3 எனப் பிரதியிட' என்று எழுதினோமே, அதே வேலைதான். இரட்டி(க) = க + க என்றால், இரட்டி(3) என்பது 3 + 3, அது 6. கணிதவியலாளர் அலோன்சோ சர்ச் 1930களில் உருவாக்கிய லாம்டா கணிதத்தில் கணக்கிடுவது என்றாலே இந்தப் பிரதியிடல்தான். பிரதி வடசொல் என்று பதிலிடல் என்பாரும் உண்டு. ஆனால் பதிலும் அரபியின் 'பதல்' வழி வந்ததுதான்! எனக்குப் பிரதியிடலே போதும்.

ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தும் பொருள் மாறாதிருப்பதற்கு நம் இலக்கணத்தில் போலி என்று பெயர். நிலம் நிலன் ஆகலாம், கலம் கலன் ஆகலாம். கரம் கரன் ஆனால் கை போய் இராமாயண அரக்கன் வந்து நிற்பான். சார்பு நிரலில் பெயரும் மதிப்பும் நிலமும் நிலனும் போல. எங்கே மாற்றி வைத்தாலும் விடை அதேதான். பெட்டியாக இருக்கும் க-வை அப்படி மாற்ற முடியாது. அதில் என்ன இருக்கிறது என்பது, எப்போது எட்டிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.