பொங்குபடுகை: திரவமே இல்லாத ‘திரவப் படுக்கை’

தூத்துக்குடியிலிருந்து அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அழைத்தான். “மாமா, திரவப் படுக்கைக்கு என்ன திரவம் ஊத்தணும்? நாலு வீடியோ பாத்துட்டேன், ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். தின்னரா, வெறும் தண்ணியா?”

அவனுக்குத் தூண்டில் பைத்தியம். கடற்கரைக் கற்குவியலில் மணிக்கணக்கில் நின்று பாரையும் சீலாவும் பிடிக்கிறவன். இப்போது ஜிக் பைத்தியமும் சேர்ந்திருக்கிறது. தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை வார்த்துத் தலைபோல ஆக்கினால் அது ஜிக். அமெரிக்காவில் இவற்றை வீட்டுக் கொட்டகையில் வார்த்து, நிறம் ஏற்றி, அடுத்த பருவத்துக்கு டப்பா நிறைய சேர்த்துவைப்பது பலருக்குக் குளிர்காலப் பொழுதுபோக்கு. நிறம் ஏற்றுவது பெயின்ட்டால் அல்ல, பவுடர் கோட்டிங்கால், அதாவது உலர்ந்த நிறத்தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சால். அதற்காக அவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் சின்னக் கருவிக்குப் பெயர் ஃப்ளூயிட் பெட். சப்டைட்டில் எழுதிய புண்ணியவான் அதைத் ‘திரவப் படுக்கை’ ஆக்கிவிட்டார். இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது முதல் தடவையும் அல்ல. மொழிபெயர்ப்புக்கு வரும் கொதிகலன் கையேடுகளில், மருந்துத் தொழிற்சாலை உலர்த்திகளுக்கான விளக்கங்களில், போட்டித் தேர்வுக் குறிப்புகளில் என்று பத்து வருடமாகத் துரத்துகிறது. அதை நம்பி ஒருவன் தின்னர் டப்பாவைத் திறக்கப் போனது மட்டும் இப்போதுதான்.

கருவியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு. அடி வாயில் காற்று புகும் ஆனால் தூள் இறங்காத ஒரு தாள். அதற்குக் கீழே ஒரு மூடி, மூடியில் ஒரு துளை, துளையில் மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன பம்ப்பின் குழாய். நடுவில் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்வு. குழாய்க்குள் சில கரண்டி பவுடர். அவ்வளவுதான். பம்ப்பைப் போட்டதும் தூள் முதலில் சும்மா இருக்கும். காற்று துகள்களின் இடுக்கு வழியே கசிந்து வெளியேறும். வால்வை மெல்லத் திறக்கத் திறக்க, மேலெழும் காற்றின் உந்தல் தூளின் எடைக்குச் சமமாகும் ஒரு கட்டம் வரும். அந்த நொடியில் தூள் முழுக்க லேசாக மேலே எழும்பி, மேற்பரப்பில் சின்னச் சின்னக் குமிழி வெடிக்கும். குழாயைச் சாய்த்தால் தூளின் மேல்மட்டம் தண்ணீர்போலச் சமமாகவே நிற்கும். விரலை விட்டால் எதிர்ப்பே இருக்காது. வால்வை மூடினால் பொத்தென்று அமர்ந்து, மறுபடி வெறும் தூள்.

சூடான காற்றைப் பீய்ச்சும் ஹீட் கன்னால் சூடாக்கிய ஜிக்கை இதில் ஒன்றிரண்டு நொடி அளைந்து எடுத்தால் ஈயத் தலையைச் சுற்றித் தூள் சீராக ஒட்டி அங்கேயே உருகும். பிறகு சுமார் 175 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் அடுப்பில் வேகவைத்தால் பூச்சு இறுகிவிடும். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும், ஆகவே தலைக்கு ஆபத்தில்லை. (அந்த அடுப்பில் அதன்பின் பிஸ்கட் சுடக்கூடாது. இதை அவனுக்கு மூன்று முறை சொன்னேன்.)

சொல்லின் பிறப்பு நீளமான கதையல்ல. ஃப்ளூயிட் லத்தீனில் ‘ஓடுதல்’ என்னும் வினையிலிருந்து வந்தது. பெட் என்பதற்குக் கட்டில் மெத்தை மட்டுமல்ல, ஆற்றின் அடித்தரை, பரப்பிய சரளை அடுக்கு என்றெல்லாம் ஆங்கிலத்தில் பொருள். 1920களில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் வின்க்ளர் நிலக்கரித் தூளுக்குள் காற்றைச் செலுத்தி எரிவாயு எடுத்தார். 1942இல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் சுத்திகரிப்பு ஆலையில் இதே தந்திரத்தில் கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் எடுத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் எர்வின் கெம்மர் பிளாஸ்டிக் தூளில் சூடான உலோகத்தை முக்கிப் பூச்சு ஏற்றினார். துப்பாக்கியால் தூளைப் பீய்ச்சும் முறையெல்லாம் அதற்குப் பிறகு. நம் ஊரில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தின் 250 மெகாவாட் அலகுகள் இரண்டிலும் பழுப்பு நிலக்கரி எரிவது இந்த வகைக் கொதிகலனில்தான். அங்கே போய்த் ‘திரவம்’ என்றால் நெருப்பு அணைந்துவிடும்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

திரவம் என்ற சொல்லுக்காக வாதாடுகிறவர்களின் வலுவான வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன், அவர்கள் யாரும் சொல்வதில்லை. திரவம் வடசொல். அதன் வேருக்கும் ‘ஓடுதல்’ என்றுதான் பொருள். லத்தீனில் எது ஓடுகிறதோ அதுவே வடமொழியிலும் ஓடுகிறது, பிறகென்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லின் வேரை யாரும் தினமும் தோண்டிப் பார்த்துப் பேசுவதில்லை. திடம், திரவம், வாயு என்று மூன்றாகப் பிரித்துப் படித்து வளர்ந்தவர்கள் நாம். தமிழில் காற்றைத் திரவம் என்று எவரும் சொல்லமாட்டார். ஃப்ளூயிட் என்ற சொல்லுக்குள் தண்ணீரும் அடக்கம், காற்றும் அடக்கம். அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் பாய்மம் என்று ஒரு சொல்லை ஆக்கி, ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்திலேயே வைத்திருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை. வடசொல் என்பதற்காக எனக்குத் திரவத்தின்மேல் கோபமில்லை, நானே இந்தக் கட்டுரையில் எத்தனை வடசொல் போட்டிருக்கிறேன் என்று எண்ணிக்கொள்ளலாம். கோபம், அது பொய் சொல்கிறது என்பதால்.

எவ்வளவு பெரிய பொய் என்று பாருங்கள். இந்த வேலை முழுவதிலும் தூள் உண்மையாகவே திரவமாவது ஓரிடத்தில்: சூடான ஈயத்தின்மேல் உருகும்போது. குழாய்க்குள் அது ஒருபோதும் திரவமாகக் கூடாது. கொஞ்சம் ஈரம் பட்டாலே கட்டி தட்டி, காற்று ஒரே துளை வழியாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறும், மற்ற இடமெல்லாம் செத்துக் கிடக்கும். பவுடர் கோட்டிங்கின் பெருமையே கரைப்பான் இல்லை, தின்னர் நாற்றம் இல்லை என்பதுதான். ஈரம் ஆகவே ஆகாத பாத்திரத்துக்குத் ‘திரவ’ என்று பெயர் சூட்டிவிட்டு, உண்மையான திரவம் வரும் இடத்தில் ‘தூள் ஒட்டிக்கொள்கிறது’ என்று எழுதியிருந்தது அந்த சப்டைட்டிலில்.

இன்னொரு வடிவம் ‘திரவமாக்கப்பட்ட படுக்கை’. இது இன்னும் மோசம். திரவமாக்கப்பட்ட இயற்கை எரிவாயு என்றால் சரி, அங்கே வாயுவைக் குளிரவைத்து மெய்யாகவே திரவமாக்கியிருக்கிறார்கள். இங்கே தூள் தூளாகவே இருக்கிறது, திரவம்போல நடிக்கிறது. ரஷ்யர்கள் இதில் நேர்மையானவர்கள். அவர்களுடைய கலைச்சொற்களில் ஒன்றைத் தமிழாக்கினால் ‘போலித் திரவ அடுக்கு’ என்று வரும்.

அடுத்தது படுக்கை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களுக்கு முதுகில் புண் வராமலிருக்க வாட்டர் பெட் வாங்கிப் போடுகிறோமே, திரவப் படுக்கை என்றதும் தமிழ்க் காதில் விழுவது அதுதான். தூளும் குழாயும் எவருக்கும் நினைவு வராது. வேடிக்கை என்னவென்றால், மெய்யாகவே படுத்துக்கொள்கிற ஒரு ஃப்ளூயிடைஸ்டு பெட் உண்டு. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் தீக்காய நோயாளிகளுக்காக உருவாக்கினார்கள். தொட்டி நிறைய நுண்ணிய கண்ணாடி மணிகள், அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று, மேலே துணி விரிப்பு, அதன்மேல் நோயாளி மிதப்பார். உலகத்தில் படுக்கை என்ற சொல் இந்தக் கருவிக்குப் பொருந்தும் ஒரே இடம் அது. அங்கேயும் திரவம் கிடையாது.

தூய தமிழ்க்காரர்கள் திரவத்தைத் துரத்திவிட்டுப் ‘பாய்மப் படுக்கை’ என்கிறார்கள். இயற்பியல் சரி. வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: பாய், படுக்கை. இன்னும் ஒரு தலையணை இருந்தால் தூங்கிவிடலாம்.

படுக்கைக்குப் பதில் படுகை என்று ஓர் எழுத்தைக் குறைத்தால் பாதிச் சிக்கல் தீரும். கொள்ளிடத்துப் படுகையில் வாழை போட்டிருக்கிறோம் என்பார்கள் எங்கள் ஊர்ப் பக்கம். ஆற்றை ஒட்டி வண்டல் படிந்த நிலம் அது. செய்தித்தாள்கள் இன்று காவிரிப் படுகை என்று மொத்த வடிநிலத்தையும் சொல்லி அந்தச் சொல்லை இழுத்து நீட்டிவிட்டன, அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு. எப்படியானாலும் படிந்து பரவிக் கிடக்கும் மண், மணல், தூள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். மனிதர் படுப்பது படுக்கை, மண் படிவது படுகை. ஆக, பாய்மப் படுகை. தேர்வுத் தாளில் இதை எழுதுங்கள், யாரும் மதிப்பெண் குறைக்க முடியாது.

ஆனால் பட்டறையில்? பாய்மம் என்றால் என்ன என்று முதலில் ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும். மற்ற மொழிக்காரர்கள் ஆங்கிலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஜெர்மன்காரர்களின் சொல்லுக்குச் ‘சுழல் அடுக்கு’ என்று பொருள், அதில் திரவமும் இல்லை படுக்கையும் இல்லை. ரஷ்ய மொழியில் இன்னொரு பெயர் ‘கொதிக்கும் அடுக்கு’. சீனத்திலும் ‘கொதிபடுகை’ என்று ஒரு பெயர் உண்டு. கண்ணால் பார்த்ததைச் சொல்லாக்கியிருக்கிறார்கள். நாமும் கண்ணைத் திறந்து பார்த்தால், காற்றுப் பட்டதும் தூள் என்ன செய்கிறது? பொங்குகிறது. அளவில் உப்பி, மேலெழுந்து, குமிழி விட்டு, காற்றை நிறுத்தினால் அடங்குகிறது. பால் பொங்குவதைப் பார்க்காத தமிழ்வீடு உண்டா? பொங்குவதற்குச் சூடு வேண்டுமே என்று ஒரு நண்பர் மறுத்தார். கடல் பொங்க யார் அடுப்பு மூட்டினார்கள்?

பொங்குபடுகை என்பது என் முன்மொழிவு. இதில் இன்னொரு வசதி, வேலை செய்கிறவனின் கைக்கும் இந்தச் சொல் வழி காட்டும். பொங்கவில்லையா, காற்றைக் கூட்டு. பொங்கி வழிகிறதா, குறை. மூக்கில் தூள் ஏறுகிறதா, வால்வை அளவுக்கு மீறித் திறந்துவிட்டாய், முதலில் முகமூடியைப் போடு. திரவப் படுக்கை என்ற பெயரை வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றையாவது ஊகிக்க முடியுமா?

ஒற்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதிலும் கை வைப்பார்கள். பொங்குபடுகை வினைத்தொகை. பொங்கிய படுகை, பொங்குகின்ற படுகை, பொங்கும் படுகை என்று மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது, ஊறுகாய், சுடுகாடு போல. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. நடுவில் ‘ப்’ போடாதீர்கள்.

பவுடர் கோட்டிங்கைப் ‘பொடிப்பூச்சு’ என்றால் எனக்கு மகிழ்ச்சி, பவுடர் கோட்டிங் என்றே விட்டாலும் சண்டையில்லை. கடைப் பலகையெல்லாம் அப்படித்தான் இருக்கிறது, எல்லோருக்கும் புரிகிறது. ஜிக்கும் ஜிக்காகவே இருக்கட்டும். புரிகிற ஆங்கிலச் சொல்லைத் துரத்த நான் வரவில்லை. புரியாத தமிழ்ச் சொல்லும், புரிந்த மாதிரி ஏமாற்றும் தமிழ்ச் சொல்லும்தான் என் பகை. இரண்டில் பின்னது கொடியது. புரியவில்லை என்றால் ஆள் கேட்பான். புரிந்துவிட்டது என்று நினைத்தால் தின்னரை ஊற்றுவான்.

நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அகராதி தெரிந்த அளவுக்கு அடுக்களை தெரிவதில்லை. அதே சப்டைட்டிலில் அடித் தாளுக்குக் ‘காபி ஃபில்டர்’ என்று போட்டிருந்தார்கள். அமெரிக்காவில் அது காபி வடிகட்டும் தாள், கடையில் அடுக்காகக் கிடைக்கும். நம் வீட்டில் காபி ஃபில்டர் என்றால் டிகாஷன் இறக்கும் இரண்டடுக்கு எவர்சில்வர் பாத்திரம். பையன் அதைச் சமையலறையிலிருந்து தூக்கிப்போய் மேலடுக்கில் சிவப்புப் பவுடரைக் கொட்டியிருக்கிறான். அந்தத் துளைகள் காபித் தூளுக்கு அளந்து போட்டவை. பவுடர் கோட்டிங் தூளின் துகள் அதைவிடப் பலமடங்கு நுணுக்கம், சல்லடையில் மைதாபோலக் கீழே இறங்கிவிட்டது. அக்கா அந்த ஃபில்டரை மூன்று தடவை கழுவிவிட்டு, கடைசியில் தூக்கிப் போட்டுவிட்டாள். இதற்கு நஷ்டஈடு யாரிடம் கேட்பது?

தொலைபேசியிலேயே திருத்தினேன். திரவம் வேண்டாம், காற்று மட்டும். ஃபில்டர் வேண்டாம், வடிகட்டும் தாளை இரண்டாக மடித்துக் கட்டு. முள்ளின் கண்ணில் அடைத்திருக்கும் பூச்சை அடுப்பில் வைப்பதற்கு முன்பே ஊசியால் எடுத்துவிடு, பிறகு வராது. அவன் எல்லாவற்றுக்கும் “சரி மாமா” சொன்னான். பெயரையும் சொன்னேன். சிரித்தான்.

மூன்று நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கம்பியில் வரிசையாகத் தொங்கும் பதினொரு சிவப்பு ஜிக்குகள், இரண்டின் தலையில் மட்டும் லேசான கொப்புளம். பின்னால் மேசைமேல் குழாய். குழாயின்மேல் மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறான்: பொங்குப்படுகை.